எங்களுக்கும் மாலை ஆறு மணிக்கு மேல்தான் நேரம்

தமிழ்நாட்டுப் பல்கலைக்கழகங்களின் தொடர்கல்வித் துறைகளிலும் தொலைநிலைக் கல்வி நிறுவனங்களிலும் பாடத்திட்டக் குழுக்களில் இருக்கும் பேராசிரியர்களுக்கு,

வணக்கம்.

நான் பெரம்பலூர் மாவட்டத்தில் ஒரு கிராமத்தில் இருக்கிறேன். பகலில் மகளிர் குழுக்களின் ஊராட்சிக் கூட்டமைப்பில் கணக்கு எழுதுகிறேன். இரவு ஏழரை மணிக்கு மேல், தொடக்கப் பள்ளி வராந்தாவில் பெரியவர்களுக்கு எழுதப் படிக்கச் சொல்லித் தருகிறேன். அரசு ஏட்டில் என் பெயர் தன்னார்வலர். ஊரில் டீச்சர். உங்கள் ஏட்டில் 'படிப்பைப் பாதியில் நிறுத்தியவர்' என்று இருக்கும். அந்த மூன்றாவது பெயரைப் பற்றித்தான் இந்த மடல்.

முதலில் நான் யார் என்று சொல்லிவிடுகிறேன். பிறந்தது புதுக்கோட்டைச் சீமை. 1991-ல் பெரியவர்களுக்கு எழுதப் படிக்கச் சொல்லித்தரும் அறிவொளி இயக்கம் அங்கே வந்தபோது எனக்குப் பதினாறு வயது, பத்தாம் வகுப்பு முடித்திருந்தேன். அந்த வருடம் எங்கள் பக்கத்தில் கல் உடைக்கும் பெண்களும் களை எடுக்கும் பெண்களும் சைக்கிள் பழகியதைப் பற்றி நீங்கள் வாசித்திருப்பீர்கள். வாசித்தது உண்மைதான். லேடீஸ் சைக்கிள் கிடைக்காமல் பார் வைத்த சைக்கிளில் குரங்குப் பெடல் போட்டவர்களில் நானும் ஒருத்தி. முழங்காலில் தழும்பு இன்னும் இருக்கிறது. அப்போது எனக்குச் சொல்லித்தரத் தெரியாது. அரிக்கேன் விளக்கைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேன், அவ்வளவுதான். பிறகு அதன் தொடர்ச்சியாக வளர்கல்வித் திட்டம் வந்தது. கல்யாணம் ஆகி இந்த ஊருக்கு வந்தேன். பிளஸ் டூவைத் தனித்தேர்வராக எழுதினேன், பி.ஏ.வை அஞ்சல் வழியில் முடித்தேன். 2009-ல் தொடங்கிய கற்கும் பாரதம் என்ற எழுத்தறிவுத் திட்டத்தில் ஊக்குநராக, அதாவது ஊரின் கற்கும் மையத்தைப் பார்த்துக்கொள்பவராக இருந்தேன். மாதம் 2000 ரூபாய் மதிப்பூதியம், அதுவும் தவணை தவறித்தான் வரும். 2018 மார்ச்சோடு அந்தத் திட்டம் முடிந்தது. இப்போது 2022 முதல் புதிய பாரத எழுத்தறிவுத் திட்டம். இதில் ஊதியமே கிடையாது, முழுக்கத் தன்னார்வம். 'வயது வந்தோர் கல்வி' என்ற சொல்லைக்கூட எடுத்துவிட்டு 'அனைவருக்கும் கல்வி' என்று மாற்றிவிட்டார்கள். திட்டத்தின் பெயர் மாறும், பேனர் மாறும், வராந்தாவும் கொசுவும் மட்டும் அப்படியே இருக்கும்.

இத்தனை வருடம் கழித்து, இந்த வேலையை முறையாகப் படிக்க வேண்டும் என்று தோன்றியது. பதவி உயர்வுக்காக இல்லை. எங்களுக்கு ஏது பதவி, அதில் ஏது உயர்வு! எனக்குச் சில கேள்விகள் இருந்தன. அதில் ஒன்றைச் சொல்கிறேன்.

எங்கள் வகுப்புக்கு ஓர் அத்தை வருவார். வயது அறுபதை ஒட்டி. சின்ன வெங்காய வியாபாரிக்குக் கணக்கில் தண்ணி காட்டுகிற ஆள். 47 கிலோ, கிலோ 32 ரூபாய் என்றால், 'அம்பது கிலோன்னா ஆயிரத்து அறநூறு, மூணு கிலோவுக்குத் தொண்ணூத்தாறு கழிச்சா ஆயிரத்து ஐநூத்தி நாலு' என்று நான் செல்போனைத் திறப்பதற்குள் சொல்லிவிடுவார். அதையே எழுதச் சொன்னால் 15004 என்று எழுதுவார். ஒரு நாள் இல்லை, ஒரு மாதம் முழுக்க. நான் ஒன்று, பத்து, நூறு, ஆயிரம் என்று கட்டம் போட்டுக் காட்டினேன். தலையாட்டுவார், திரும்பவும் 15004. மற்றவர்கள் முன்னால் சிவப்பு மையில் அடித்துத் திருத்துவது எனக்குப் பிடிக்காது. அவருக்கும் சங்கடம்.

அப்புறம் ஒரு ராத்திரி அவர் எழுதுவதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். வாய்க்குள் சொல்லிக்கொண்டே எழுதுகிறார். 'ஆயிரத்து ஐநூத்தி' என்றதும் 1500 எழுதுகிறார். 'நாலு' என்றதும் பக்கத்தில் 4 போடுகிறார். அவர் காதில் விழுகிற வரிசை சரி. வாயில் வருவதை அப்படியே கை எழுதுகிறது. தவறு அவருடையதே இல்லை, எண்ணைச் சொல்லும் முறையும் எழுதும் முறையும் வேறு வேறு என்று நான் அவருக்குச் சொல்லவே இல்லை. மறுநாள் தினசரி காலண்டர் தாளைக் கிழித்து, நீளத் துண்டில் 1000, அதைவிடச் சின்னத் துண்டில் 500, இன்னும் சின்னத் துண்டில் 4 எழுதினேன். ஆயிரத்தின் கடைசி மூன்று சைபர் மேல் ஐநூறை வைத்தேன். ஐநூறின் கடைசி சைபர் மேல் நாலை வைத்தேன். அத்தை குனிந்து பார்த்தார். 'அட, சைபரு ஒளிஞ்சுக்குதா' என்றார். அதற்குப் பிறகு அந்தத் தப்பு வரவில்லை.

பெரியவர்களுக்கு எண் சொல்லித்தருபவர்களுக்கு உலகம் முழுக்க இது தெரிந்த விஷயமாகவே இருக்கலாம். எனக்குத் தெரியாது. நான் கண்டுபிடிக்க ஒரு மாதம் ஆனது, அந்த மாதத்தில் அத்தை இரண்டு முறை 'எனக்கு மண்டையில ஏறாது டீச்சர்' என்று வராமல் இருந்துவிட்டார். இப்படிப்பட்டதை யாராவது எழுதி வைத்திருப்பார்கள், அதைப் படித்தால் அடுத்தவருக்கு ஒரு மாதம் மிச்சம் என்றுதான் உங்களிடம் வந்தேன்.

2022-ல் ஒரு பல்கலைக்கழகத்தின் பகுதிநேரப் பட்டயப் படிப்பில் சேர்ந்தேன். பெயர் வேண்டாம். மற்ற இடங்களில் படித்த தோழிகளிடம் கேட்டால் கதை ஒன்றாகத்தான் இருக்கிறது.

நேர்முக வகுப்பு சனி, ஞாயிறு காலை ஒன்பதரைக்கு. எங்கள் ஊரிலிருந்து இரண்டு பஸ் மாற வேண்டும். வந்திருந்தவர்களில் அங்கன்வாடிப் பணியாளர், நூலக உதவியாளர், சிறையில் கைதிகளுக்குச் சொல்லித்தரும் ஒருவர், தொண்டு நிறுவன ஆட்கள், என்னைப் போல இரண்டு மூன்று பேர். எல்லாருமே தினம் பெரியவர்களுக்குச் சொல்லித்தருகிற ஆட்கள். முதல் வகுப்பில் பாடம், வயது வந்தோர் எப்படிக் கற்கிறார்கள் என்பது. விரிவுரையாளர் நல்ல பிள்ளை, என் மகன் வயது இருக்கும். திரையில் காட்டி வாசித்தார்: பெரியவர்களிடம் அனுபவம் இருக்கிறது, கற்பித்தலை அதிலிருந்து தொடங்க வேண்டும். பெரியவர்கள் தங்கள் கற்றலைத் தாங்களே தீர்மானிக்க விரும்புவார்கள். வாழ்க்கைச் சிக்கலுக்குத் தீர்வாக வரும்போதுதான் பாடம் மனதில் நிற்கும். நாங்கள் எல்லாவற்றையும் நோட்டில் எழுதிக்கொண்டோம். மாலை வரை எங்களில் ஒருவரிடமும், 'நீங்கள் என்ன வேலை செய்கிறீர்கள்?' என்று அவர் கேட்கவில்லை. மூன்றாவது வாரம் பஸ் தாமதமாகி நான் பத்து நிமிடம் பிந்திப் போனேன். அன்றைக்கு அரை நாள் வருகை போனது.

கோபமாக எழுதவில்லை. எங்கள் வராந்தாவில் யாராவது தாமதமாக வந்தால் நாங்கள் என்ன செய்வோம் என்று மட்டும் சொல்கிறேன். பேச்சை நிறுத்த மாட்டோம், திரும்பிப் பார்க்க மாட்டோம். பாயில் ஓரம் ஒரு இடம் காலியாக விட்டு வைத்திருப்போம், அங்கே உட்காருவார். தாமதத்துக்குக் காரணம் கேட்க வேண்டியதில்லை, கையில் வெங்காய வாசம் இருக்கும். இதை எங்களுக்குச் சொல்லித்தந்தது அரசுப் பயிற்சிதான். பயிற்சிக் கையேட்டுக்குப் பின்னால் உங்களைப் போன்ற பேராசிரியர்கள் இருந்திருப்பார்கள் என்பது என் ஊகம்.

படிப்பு எப்படி நின்றது என்பதையும் சொல்லிவிடுகிறேன். 2023 மார்ச் 19, ஞாயிற்றுக்கிழமை. அன்று புதிய பாரத எழுத்தறிவுத் திட்டத்தில் கற்போருக்கான தேர்வு. அன்றைக்கே காலை பத்து மணிக்கு எனக்கும் ஒரு தாள். கற்போர் தேர்வுக்கு மொத்தம் 150 மதிப்பெண், படிக்க 50, எழுத 50, எண்ணுக்கு 50. பகலில் அவரவருக்கு வசதியான நேரத்தில் வந்து எழுதலாம் என்பதுதான் அந்தத் தேர்வின் அழகு. ஆனாலும் நான் இல்லாமல் அவர்கள் பள்ளி வாசலைத் தாண்ட மாட்டார்கள் என்று எனக்குத் தெரியும். முதல்நாள் ராத்திரியே மூன்று பேர் வந்து, 'நீ அங்க இருப்பேல்ல?' என்று கேட்டுவிட்டுப் போனார்கள்.

போகவில்லை. என் தாளுக்குத்தான். அன்று பள்ளியில் பெஞ்சில் உட்கார மறுத்து இருவர் தரையில் உட்கார்ந்து எழுதினார்கள். ஒருத்தியின் பேரன் பேத்திகள் ஜன்னல் வழியாகப் பார்த்துச் சிரித்தார்கள். அவள் விடைத்தாளைத் தூக்கிக் காட்டி, 'சிரிக்கிறியா, வீட்டுக்கு வா' என்றாள். அத்தை 1504 மாதிரி ஏதோ ஓர் எண்ணைச் சரியாக எழுதிவிட்டு வெளியே வந்து, சைபர் ஒளிந்துகொண்டதாக என்னிடம் சைகை காட்டினார். எனக்கு வந்த மதிப்பெண் பட்டியலில் அந்தத் தாளுக்கு நேரே 'ஆப்சென்ட்'. நான் எழுதாமல் விட்டது வயது வந்தோர் கற்றல் பற்றிய தாள்தான். கதை கட்டுகிறேன் என்று நீங்கள் நினைத்தால் நான் ஒன்றும் செய்ய முடியாது. அடுத்த வாய்ப்பு வந்தபோது மாமியார் ஆஸ்பத்திரியில். அதற்கடுத்து மறுசேர்க்கைக் கட்டணம் என்றார்கள். விட்டுவிட்டேன்.

சரி, என்ன கேட்கிறேன்?

நான் இரவு இரண்டு மணி நேரம், வாரம் ஐந்து நாள் வகுப்பு எடுக்கிறேன். இருபத்து நான்கு வாரத்துக்குக் கணக்குப் போட்டால் 240 மணி நேரம். 2023-ல் வந்த தேசிய கிரெடிட் கட்டமைப்பு, 30 மணி நேரக் கற்றலுக்கு ஒரு கிரெடிட், அதாவது படிப்பை அளக்கும் ஒரு புள்ளி, என்கிறது. ஒரு வருடப் படிப்புக்கு 40 கிரெடிட். அனுபவத்தில் கற்றதையும் முறையாக மதிப்பிட்டுக் கிரெடிட் தரலாம் என்றும் அதில் இருக்கிறது. நான் ஒன்றும் புதிதாகக் கேட்கவில்லை பாருங்கள். என் வராந்தா 8 கிரெடிட், ஒரு வருடப் படிப்பில் ஐந்தில் ஒரு பங்கு. இப்போது நீங்கள் என்ன செய்கிறீர்கள்? 'களப்பணி' என்று ஒரு தாள் வைத்து, எங்களை வேறு ஏதோ ஒரு மையத்துக்குப் போய்ப் பதினைந்து நாள் பார்வையிட்டு, புகைப்படத்தோடு அறிக்கை தரச் சொல்கிறீர்கள். நான் என் வகுப்பைப் பூட்டிவிட்டு, இன்னொருத்தி வகுப்பைப் பார்க்கப் போக வேண்டும். அவள் தன் வகுப்பைப் பூட்டிவிட்டு என் வகுப்பைப் பார்க்க வந்திருப்பாள்.

சும்மா கிரெடிட் கொடுத்துவிடுங்கள் என்று சொல்ல மாட்டேன். 240 மணி நேரம் தப்பாகவே சொல்லித்தருகிறவர்களும் உண்டு, நானே பல வருடம் அப்படித்தான் இருந்தேன். வந்து பாருங்கள். பருவத்துக்கு ஒரு முறை ஒருவர் வந்து பின்வரிசையில் உட்காரட்டும். கற்போரின் நோட்டை முதல் பக்கத்திலிருந்து புரட்டட்டும். இந்த அத்தை ஏன் 15004 என்று எழுதினார் என்று என்னிடம் கேட்கட்டும். நான் பதில் சொல்கிற விதத்தில் எனக்கு என்ன தெரியும், என்ன தெரியாது என்பது பத்து நிமிடத்தில் விளங்கிவிடும். மூன்று மணி நேரம் 'குறிப்பு வரைக' எழுதினால் அது விளங்காது. எங்களில் பாதிப் பேருக்குக் கையெழுத்தும் வேகமும் போய்விட்டன, வெள்ளெழுத்துக் கண்ணாடியைத் துடைப்பதிலேயே கால் மணி நேரம் போகிறது.

அடுத்தது காலண்டர். உங்கள் பருவத்தேர்வுகளுக்கு ஒரு காலண்டர், எங்களுக்கு ஒரு காலண்டர். தை மாதம் மக்காச்சோளம் ஒடிப்பார்கள். ஆடி, ஆவணியில் வெங்காயம் பிடுங்கி, தாள் அறுத்து, வெங்காயம் சேமிக்கும் பட்டறையில் ஏற்றுவார்கள். அந்த நாட்களில் என் வகுப்புக்கு இரண்டு பேர் வந்தால் பெரிது, எனக்கும் ஓய்வு. அப்போது நேர்முக வகுப்பு வைத்தால் நான் முழு நாளும் வருவேன். இது பெரம்பலூர்க் கணக்கு. தஞ்சாவூரில் வேறு, திருப்பூரில் பனியன் ஆர்டரைப் பொறுத்து வேறு. ஒரே கால அட்டவணையை மாநிலம் முழுக்கப் போடாமல், வட்டாரத்துக்கு ஒரு கல்லூரியையோ வட்டார வளமையத்தையோ பிடித்து அங்கே உள்ளவர்களோடு பேசி நேரம் வைக்கலாமே. மாலை ஆறு மணிக்கு மேல் விளக்கு எரிகிற கட்டடங்கள் எல்லா ஊரிலும் இருக்கின்றன. சனிக்கிழமை எங்களில் பெரும்பாலோருக்கு ஆகாது. அன்றுதான் குழுச் சேமிப்பு, அன்றுதான் பேங்க் ஆட்கள் வருவார்கள், பிள்ளைகளும் வீட்டில்.

நிறுத்தி நிறுத்திப் படிக்க விடுங்கள். இக்னோ என்ற தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் வயது வந்தோர் கல்வியில் எம்.ஏ. இருக்கிறது, இரண்டு வருடப் படிப்பை நான்கு வருடத்துக்குள் முடிக்கலாம். அது நல்ல ஏற்பாடு. பட்டயத்துக்கும் அப்படி வைத்தால் என்ன? வைத்த கிரெடிட் அழியாமல் இருக்கத்தான் 2021-ல் கிரெடிட் வங்கி என்று ஒன்றைத் தொடங்கினார்கள். அது கல்லூரிப் பிள்ளைகளுக்கு மட்டும் தொடங்கியது இல்லை. மாமியார் ஆஸ்பத்திரியில் இருந்த ஆறு மாதத்தில் நான் கற்றது மறந்துவிடவில்லை.

தமிழ் பற்றி ஒரு வார்த்தை. பாடநூலைத் தமிழில் தந்தீர்கள், நன்றி. ஆனால் அந்தத் தமிழை நான் இரண்டு முறை வாசித்து, மனதுக்குள் ஆங்கிலத்துக்குத் திருப்பிப் பார்த்துத்தான் புரிந்துகொண்டேன். என் ஆங்கிலமே அஞ்சல் வழி ஆங்கிலம். எங்களைப் போன்றவர்கள் முப்பது வருடமாகத் தமிழில் இந்த வேலையைச் செய்கிறோம். கூட்டெழுத்தில் எங்கே தடுக்கும், 'ண, ன, ந' எப்போது சொல்லித்தருவது, பஸ் போர்டில் தொடங்குவதா, ரேஷன் கார்டில் தொடங்குவதா, கையெழுத்துப் போடக் கற்றதும் ஏன் பலர் வகுப்பை விட்டுப் போய்விடுகிறார்கள் என்பதெல்லாம் எங்களிடம் இருக்கிறது. எங்கள் ஒப்படைப்புகளை அந்த மாதிரிக் கேள்விகளாகக் கொடுங்கள். பத்து வருடத்தில் உங்களிடம் தமிழில் ஒரு நூலகம் சேர்ந்துவிடும். இப்போது தருகிற ஒப்படைப்பு, 'இந்தியாவில் எழுத்தறிவுத் திட்டங்களின் வரலாற்றை விளக்குக'. கடைத்தெரு ஜெராக்ஸ் கடையில் அது தயாராகக் கிடைக்கிறது, 40 ரூபாய்.

சேர்க்கைத் தகுதியையும் கொஞ்சம் பாருங்கள். தொலைநிலையில் பி.எட். படிக்கலாமா என்று கேட்டேன். ஏற்கெனவே ஆசிரியர் பயிற்சி முடித்தவராகவோ, பள்ளியில் தொடக்க வகுப்புகளுக்கு எடுக்கும் பயிற்சி பெற்ற ஆசிரியராகவோ இருந்தால்தான் முடியும் என்பது 2014-ஆம் ஆண்டு தேசிய விதி. நாங்கள் எடுப்பது வகுப்புதான், ஆனால் மாணவருக்கு வயது அறுபது, அதனால் கணக்கில் வராது. அந்த விதி உங்கள் கையில் இல்லை என்று தெரியும். உங்கள் கையில் இருப்பது பட்டயமும் சான்றிதழும். அதற்குப் பட்டம் கேட்காதீர்கள், பிளஸ் டூ போதும். எங்கள் ஒன்றியத்தில் மிக நன்றாகச் சொல்லித்தருபவர் பிளஸ் டூதான். அறிவொளிக் காலத்துத் தோழி ஒருத்தி திறந்தநிலைப் படிப்பில் பத்தாவதும் பிளஸ் டூவும் இல்லாமலே நேராகப் பட்டம் வாங்கினாள். 2009-ல் அரசாணை வந்து, அப்படி வாங்கிய பட்டம் அரசு வேலைக்குச் செல்லாது என்றாகிவிட்டது. அவள் அந்தச் சான்றிதழை இன்னும் பிளாஸ்டிக் கவரில் வைத்திருக்கிறாள். எங்களுக்கு எதையாவது திறந்து வைத்தால், பாதியில் மூடாத கதவாகத் திறந்து வையுங்கள்.

இந்தப் பட்டயத்தால் வேலை கிடைக்குமா என்று உங்கள் கூட்டத்தில் யாராவது கேட்பார்கள். கிடைக்காது. தன்னார்வலருக்கு ஊதியமே இல்லாத திட்டத்தில் பட்டயத்துக்கு என்ன தனி ஊதியம்? விளம்பரத்தில் 'வேலைவாய்ப்பு மிக்க' என்று மட்டும் போட்டுவிடாதீர்கள். அதனால்தான் கட்டணத்தைப் பற்றியும் கேட்கிறேன். சம்பளம் இல்லாத வேலையை நன்றாகச் செய்வதற்கு நாங்கள் கைக்காசைக் கட்டிப் படிக்க வேண்டியிருக்கிறது. குறைந்தபட்சம் தவணையாகக் கட்ட விடுங்கள். குழுவில் நாங்கள் ஆயிரம் ரூபாய்க் கடனையே பத்துத் தவணையாகப் பிரித்து வசூலிக்கிறோம், வராக்கடன் கிடையாது.

ஆள் சேருமா என்றும் கேட்பார்கள். 2011 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டின் எழுத்தறிவு 80.09 விழுக்காடு, பெண்களுக்கு 73.44. நூறில் ஏறக்குறைய இருபத்தேழு பெண்களுக்கு அன்று எழுதப் படிக்கத் தெரியாது. அவர்களுக்குச் சொல்லித்தர ஊருக்கு ஒருவராவது தேவைப்பட்டது, இன்றும் தேவைப்படுகிறது. ஆள் சேராமல் போவது ஆள் இல்லாததால் இல்லை.

பல்கலைக்கழக மானியக் குழு 1977-லேயே, கற்பித்தல், ஆய்வு இரண்டோடு சமூகத்துக்குப் போய்ச் சேர்வதும் பல்கலைக்கழகத்தின் சம கடமை என்று அறிவித்தது. அடுத்த வருடம் 1978 அக்டோபர் 2-ல் தேசிய வயது வந்தோர் கல்வித் திட்டம் தொடங்கியது. சென்னையிலும் திருச்சியிலும் காரைக்குடியிலும் உங்களுக்கு இதற்கென்றே துறைகள் உண்டு. ஆக, எங்களோடு உறவு உங்களுக்குப் புதிது இல்லை. முகாம் என்றால் வருகிறீர்கள், செப்டம்பர் 8 எழுத்தறிவு நாளுக்கு எங்களைப் பேச அழைக்கிறீர்கள், சால்வை போடுகிறீர்கள். என் பீரோவில் நான்கு சால்வை இருக்கிறது. ஒன்றை அத்தைக்குக் கொடுத்தேன், மார்கழிப் பனிக்கு ஆகும் என்று.

அடுத்த பாடத்திட்டக் குழு கூடும்போது எங்களில் இரண்டு பேரைக் கூப்பிடுங்கள். தொழில்துறைப் பிரதிநிதி என்று ஒருவரை உட்கார வைக்கிறீர்கள் அல்லவா, அந்த நாற்காலிக்குப் பக்கத்தில் போதும். நான் பேச வேண்டும் என்பதில்லை, என்னைவிட நன்றாகப் பேசுகிறவர்கள் இருக்கிறார்கள், பெயர் தருகிறேன். கூட்டத்தை மட்டும் வார நாளில், மாலை ஆறு மணிக்கு மேல் வையுங்கள். எங்கள் ஊருக்குக் கடைசிப் பஸ் ஒன்பது பத்துக்கு, அதற்குள் விட்டுவிட வேண்டும். சனிக்கிழமை வேண்டாம், அன்று குழுக் கணக்கு.

இப்படிக்கு,
ஒரு தன்னார்வ ஆசிரியர்,
பெரம்பலூர் மாவட்டம்